கொட்டிக்கிழங்கும் கண்ணாடித் தொட்டியும்



பத்தமடையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தநாளுக்கு இரண்டடி நீள மீன்தொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் செடி அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் குளம் ஒன்றில் இறங்கி, வாளி நிறையப் பாசியும் செடியும் அள்ளிவந்து தொட்டியில் நட்டிருக்கிறான். மூன்று நாள் தெருவே வந்து வேடிக்கை பார்த்ததாம். எட்டாம் நாள் இலையெல்லாம் கூழாகித் தண்ணீர் நாறிப்போயிற்று. மீன் இரண்டும் செத்துப்போயின. கடிதத்தின் கடைசி வரியில் அந்த அம்மா கேட்டிருக்கிறார்: "தண்ணீரும் தாமிரபரணித் தண்ணீர், செடியும் தாமிரபரணிச் செடி. பிறகு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?"

இந்த மாதப் பக்கத்தை இந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். அவன் செய்தது நல்ல காரியம் என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள், அம்மா. குளத்தில் என்ன முளைக்கிறது என்று குனிந்து பார்க்கும் பிள்ளைகள் நமக்கு வேண்டும். செடி அழுகியதற்கு அவன் கை காரணமில்லை. அவனுக்கு யாரும் சில விஷயங்களைச் சொல்லித்தரவில்லை.

முதல் விஷயம் வெளிச்சம். உச்சிவேளையில் திறந்த குளத்தின் மேல் விழும் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நம் வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் எரியும்போதுகூட சில நூறு லக்ஸ்தான் தேறும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. குளத்தில் இருந்தவரை வயிறாரச் சாப்பிட்டது, கூடத்துக்கு வந்ததும் பட்டினி. இலையில் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்து ஒரு வாரம் தாங்கும். எட்டாம் நாள் கணக்கு அதுதான். தொட்டியை மட்டப்பாவில் வெயிலுக்கு வைக்கவும் முடியாது. சித்திரை வெயிலில் அது உலைநீராகிவிடும். கிழக்கு ஜன்னலோரம் வைத்து, மேலே ஒரு நல்ல எல்இடி விளக்கைப் பத்து மணி நேரம் எரியவிடுவதுதான் நடக்கிற வழி.

அடுத்தது இலை. குளத்தோரம் முளைக்கும் பல செடிகள் பாதி வாழ்க்கை தண்ணீருக்கு வெளியே வாழ்பவை. நீர்ப்பிரமி, ஆரைக்கீரை இரண்டும் அப்படித்தான். காற்றில் விட்ட இலைக்கு மேலே மெழுகுப் பூச்சும் மூச்சுத் துளையும் உண்டு. அதைத் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கடித்தால் அந்த இலை உதவாது; செடி அதைக் கழித்துவிட்டு, மெல்லிய தோலோடு புது இலை விடும். தண்டு கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அது நடக்கும். ஆரைக்கீரைக்கு வெளியே நான்கு இலை. தண்ணீருக்குள் புதிதாக விடும்போது சில சமயம் ஒற்றை இலையாக வரும். தெரியாதவர்கள் வேறு செடி என்றே நினைப்பார்கள். பழைய இலை கழன்று அழுகுவதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள்தான் அதிகம். தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எறியுங்கள்.

மீன்கள் செத்ததும் இதனால்தான். அழுகும் இலையைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. இரவில் வெளிச்சம் இல்லாதபோது செடியும் நம்மைப்போல ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியென்று இரை போடாதீர்கள். மூச்சுத் திணறல் அது. இன்னொன்று: தாமிரபரணித் தண்ணீர் என்றாலும் குழாயில் வரும்போது அது குளோரின் கலந்த தண்ணீர். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்துவைத்த பிறகே தொட்டிக்கு ஊற்ற வேண்டும்.

இதே அழுகலைச் சந்தித்த ஒருவரைப் பற்றி அந்தத் தம்பிக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர் இருந்தார். தண்ணீரை மாற்றாமலே மீனை வளர்க்க முடியுமா என்று பார்க்க, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் தண்ணீரும் இட்டு, இரண்டு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்னேரியாச் செடியையும் விட்டார். முதலில் நன்றாக இருந்தது. பிறகு முதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் மனம் தளராமல் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அழுகிய இலையை நத்தை தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொண்டது. தண்ணீர் தெளிந்தது. 1850-ல் அவர் இதை லண்டன் வேதியியல் கழகத்தில் கட்டுரையாக வைத்தார். இன்று உலகெங்கும் வீட்டு வரவேற்பறைகளில் இருக்கும் மீன்தொட்டிக்கு அந்தப் பாத்திரம் ஒரு மூதாதை. அந்த வாலிஸ்னேரியாவின் இனம் நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் நாடா நாடாவாக நீரோட்டத்தோடு ஆடிக்கொண்டிருப்பது. நாம்தான் அதைப் 'பாசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

ஆகவே வாரிங்டன் பிற்பாடு கற்றதை நாம் முன்கூட்டியே செய்யலாம். செடியை முதலில் நடுங்கள். மீனை ஒரு மாதம் கழித்து விடுங்கள். அடியில் ஒரு அங்குலம் மண், அதன்மேல் ஒரு அங்குலம் நன்றாகக் கழுவிய மணல். குளத்துக் கரம்பையை ஈரத்தோடு அப்படியே கொட்டினால் காற்றில்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். வெயிலில் காயவைத்து, சலித்து, மூன்று நான்கு தடவை ஊறவைத்து வடித்த பிறகு போடுங்கள். மணலில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். மீனில்லாத அந்த ஒரு மாதம் தொட்டிமேல் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்ட வேண்டும். 2012-ல் டெங்கு இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எந்தச் செடியை எடுப்பது? வேலம்பாசி என்று பாடப்புத்தகம் சொல்லும் ஹைட்ரில்லாவிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒளிச்சேர்க்கையைக் காட்ட, புனலைக் கவிழ்த்துச் சோதனைக்குழாயில் குமிழி பிடிப்போமே, அந்தச் செடி. மிகக் குறைந்த வெளிச்சத்திலும் அது பிழைக்கும்; முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கே அதற்குப் போதும் என்கிறார்கள். வேர்கூட வேண்டாம், ஒரு கணுவுள்ள துண்டு இருந்தாலே தழைத்துவிடும். மண் அதிகம் வேண்டாம். தொட்டியில் மிஞ்சும் கழிவை எல்லாம் உறிஞ்சி எடுத்துக்கொள்ளும்.

வாலிஸ்னேரியாவுக்கு மண் வேண்டும், பொறுமையும் வேண்டும். நட்ட புதிதில் இலை கரையும். விட்டுவிட்டால் அடியில் ஓடுகொடி விட்டு வரிசையாகக் குட்டிகள் கிளம்பும். அது பூப்பதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். பெண்பூ நூல்போன்ற நீண்ட காம்பில் ஏறி நீர்மட்டத்துக்கு வந்து காத்திருக்கும். ஆண்பூக்கள் அடியிலேயே தாய்ச்செடியிலிருந்து கழன்று, மேலே மிதந்து வந்து, காற்று தள்ளும் பக்கமெல்லாம் போய் அதன்மேல் மோதும். சூல் கொண்டதும் பெண்பூவின் காம்பு சுருள்வில்போலச் சுருண்டு பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். கல்லூரித் தாவரவியல் வகுப்பில் படமாக மட்டுமே பார்த்திருந்த இதை, நானே வளர்த்த தொட்டியில் ஒரு மாசி மாதக் காலையில் பார்த்தேன். அன்று அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.

மஞ்சள் பூவை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, அடியில் பஞ்சுபோல மிதக்கும் ஒரு செடியும் கையில் சிக்கும். இலையிடுக்கில் கடுகளவு பைகள் இருந்தால் அது யூட்ரிகுலேரியா. அந்தப் பைகளின் வாயில் உள்ள மயிரைத் தொட்ட நுண்ணுயிரை நாம் கண்ணிமைக்கும் முன்னே உள்ளே உறிஞ்சிவிடும். அதற்கென்று ஒரு தனிக் குப்பி வைத்துக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மீன்குஞ்சு பொரிக்கும் தொட்டியில் வேண்டாம்.

என் மனத்துக்கு நெருக்கமான செடி கொட்டி. மூதுரையில் ஔவையார், வற்றிய குளத்தைவிட்டுப் பறந்துபோகும் பறவைகளை ஒரு பக்கமும், போகாமல் அங்கேயே கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் மூன்றையும் மறு பக்கமும் வைத்து உறவைப் பற்றிப் பேசினார் அல்லவா, அந்தக் கொட்டி. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது அழகான உவமை என்று மட்டுமே நினைத்தேன். அது அப்படியே தாவரவியல் உண்மை என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு குளத்துக்காரர்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, மிதக்கும் நீள இலையைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் இலை மட்டுமே கையோடு வந்தது. கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னத்தத் தேடுதிய அண்ணாச்சி?"

சொன்னேன்.

"கொட்டியா? இலையப் பிடிச்சு இழுத்தா அத்துக்கிட்டுதான் வரும். கெழங்கு அடியில கெடக்கும்லா. குளம் வத்தட்டும், பெறவு வாங்க. வெடிப்புக்குள்ள கைய விட்டா கெடைக்கும்."

வைகாசியில் போனேன். தண்ணீர் இருந்த இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொக்கு ஒன்றுகூட இல்லை. அவர் சொன்ன இடத்தில் ஒரு வெடிப்புக்குள் கையை விட்டுத் துழாவினேன். மேல்மண் சுட்டது. ஒரு சாண் உள்ளே போனதும் விரலில் லேசான குளிர்ச்சி பட்டது. அந்தக் குளிர்ச்சிக்குள் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக, மயிர்வேர் சுற்றிய கறுப்புக் கிழங்குகள். ஒட்டிக்கிடப்பது என்றால் என்ன என்று அன்றைக்கு என் விரலுக்குத் தெரிந்தது. இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தாவரவியலில் கொட்டிக்கு அபோனோஜெட்டான் என்று பெயர். அதன் இலங்கை உறவினர்களின் கிழங்குகளை உலர்ந்த நிலையில் பொட்டலம் கட்டி மீன்தொட்டிக் கடைகளில் உலகமெங்கும் விற்கிறார்கள். யாரும் சொல்லாமலே வாங்குபவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள்: செடி என்றால் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டும். கொட்டி அப்படி நிற்காது. எட்டு ஒன்பது மாதம் தழைத்து, இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி ஓய்ந்துவிடும். அதற்கு அது உறக்கக் காலம். நம் கார், பிசான நெல் பருவக் கணக்கைப்போல அதற்கும் ஒரு கணக்கு உள்ளே ஓடுகிறது. அந்தச் சமயம் கிழங்கை எடுத்து ஈரமணலில் இரண்டு மாதம் விட்டுவைத்தால் மறுபடி கிளம்பும். அழுகிவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்ட கிழங்குகளில் பாதி உயிரோடு இருந்திருக்கும்.

செடியோடு கூட வரும் விருந்தாளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் ஆச்சி வீட்டு ஊறுகாய்ப் பரணியில் கெண்டைக் குஞ்சுகள் பதினொன்று வைத்திருந்தேன். குளத்துப் பாசி ஒரு கைப்பிடி போட்டேன். நாளுக்கொன்றாகக் குஞ்சுகள் குறைந்தன. பூனையைச் சந்தேகப்பட்டு மூடி போட்டேன், அப்போதும் குறைந்தன. கடைசிக் குஞ்சு போன பிறகு பாசியை விரித்துப் பார்த்தால், சுண்டுவிரல் நகம் அளவில் மண்நிறத்தில் ஒரு பூச்சி. தட்டாம்பூச்சியின் இளம்பருவம் அது. மடித்து வைத்திருக்கும் தாடையைக் கைபோல நீட்டி மீனைப் பிடிக்கும். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் இப்போதெல்லாம் குளத்திலிருந்து எதுவும் நேராகத் தொட்டிக்குப் போவதில்லை. ஒரு வெள்ளை டப்பாவில் செடியைப் பரப்பி, குழாயடியில் இலை இலையாகக் கழுவுவேன். வெள்ளையில் அட்டையும் பூச்சியும் பளிச்சென்று தெரியும். இலையின் அடியில் பசைபோல ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை நகத்தால் வழித்துவிடுவேன். படிகாரம் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு போட்டெடுத்தால் நத்தையும் சின்னப் பூச்சியும் பெரும்பாலும் ஒழியும். பிறகு வலை மூடிய வாளியில் மூன்று வாரம் தனியே. வெளிச்சமும் உண்டு, மீன் மட்டும் கிடையாது. வாரிங்டனுக்கு நத்தை உதவியது உண்மை. ஆனால் கால்நடை இறங்கும் குளத்து நத்தை சில ஒட்டுண்ணிப் புழுக்களைச் சுமந்து திரியும், நம் தோலுக்கும் அரிப்பு தரும். வீட்டில் பிறந்து வளர்ந்த நத்தையை நண்பர் தொட்டியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கழுவி முடித்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எங்கே எடுக்கலாம்? களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஓடையில் கிடக்கும் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. கூந்தன்குளம் போன்ற பறவைச் சரணாலயக் குளங்களிலும் அப்படியே. பாறையிடுக்கில் ஓடும் மலைநீரில் நிற்கும் கிரிப்டோகொரைன் போன்ற செடிகள் மெதுவாக வளர்பவை. ஒரு கொத்தைப் பிடுங்கினால் அந்த இடம் நிரம்ப ஆண்டுகள் ஆகும். மீனும் அப்படித்தான். நம் ஆற்றின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று உண்டு, முதுகுச் சிறகில் நீண்ட இழைகளோடு. 1950-களில் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் உலகுக்கு அறிவித்தது. இந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் அதற்கு வீடில்லை, இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை நம் தொட்டியில் அடைத்துவைக்க ஆசைப்பட வேண்டாம். ஊர்க்குளம் என்றால் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஏராளமாகக் கிடக்கும் செடியில் ஒரு கைப்பிடி எடுங்கள். வாளி நிறைய வேண்டாம், தம்பி.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. குளத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி வரலாம். வீட்டிலிருந்து குளத்துக்கு ஒரு இலைகூடப் போகக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது மிஞ்சிய செடியை, பாவம், சாகடிக்க மனசில்லாமல் வாய்க்காலில் விடுகிறோம். இளகிய மனத்தோடு செய்யும் அந்தச் செயல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் வேலம்பாசியே சாட்சி. 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக விற்பதற்கு இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கு அதைக் கொண்டுபோனார்கள். சரக்கு திருப்தியாக இல்லை என்று கால்வாயில் கொட்டினார்கள். கணுத்துண்டு போதும், மங்கிய வெளிச்சம் போதும் என்று மேலே புகழ்ந்தேனே, அதே குணத்தால் அங்கே ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்துக்கொண்டது. அதை அகற்ற இன்றுவரை பெரும் பணத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் குளத்தில் அதைத் தின்ன மீனும் பூச்சியும் பறவையும் இருக்கின்றன, கோடையில் குளமும் வற்றும். அங்கே அதற்கு எதிரே நிற்க யாருமில்லை.

மறுபக்கமும் பாருங்கள். 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்புக் கம்பளம் விரித்ததுபோலப் பூத்தது என்று ஊரே திரண்டு போய்ப் படம் எடுத்தது. அது தென்னமெரிக்காவின் கபோம்பா. மீன்தொட்டிக் கடைகளில் கட்டுக் கட்டாக விற்கும் செடியின் உறவு. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் நம் செடிகளுக்கு வெளிச்சம் போகவில்லை. நமக்கும் இது புதிதா? அமலைச் செடி என்று நாம் அலுத்துக்கொள்ளும் வெங்காயத் தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்ததுதான். அதை அகற்ற ஆற்றிலும் குளத்திலும் ஆண்டுதோறும் எத்தனை கைகள் இறங்குகின்றன!

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எந்தக் குளத்துத் தண்ணீர் எந்த ஊருக்குள் போனது என்று சொல்ல முடியாமல் கலந்தது. பத்தமடையில் விட்ட ஒரு துண்டு, ஸ்ரீவைகுண்டம்வரை போக இங்கே எந்தத் தடையும் கிடையாது. ஆகவே மிஞ்சிய செடியை மாடியில் போட்டு இரண்டு நாள் வெயிலில் சருகாக்கி, முருங்கை மூட்டில் போட்டுவிடுங்கள். தொட்டித் தண்ணீரையும் செடிகளுக்கே ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். கடையில் வாங்கிய மீனுக்கும் இதே விதிதான். வளர்க்க முடியாவிட்டால் கடையிலோ நண்பரிடமோ கொடுத்துவிடலாம்.

பத்தமடை அம்மாவுக்கு ஒரு செய்தி. வைகாசியில் எடுத்துவந்த இரண்டு கிழங்கையும் மண்சட்டியில் ஈரமணலுக்குள் வைத்து மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தேன். காலிச்சட்டி என்று வீட்டில் இரண்டு முறை எறியப் பார்த்தார்கள். ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த அன்று, சட்டியை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் விட்டேன். இன்று காலை இரண்டின் தலையிலும் அரிசிமணி அளவுக்குச் செம்பழுப்பில் முளை தெரிகிறது. ஒன்று தம்பிக்கு. ஈரத் துணியில் சுற்றி இந்த இதழோடு அனுப்புகிறேன். அதுவரை தொட்டிக்கு மண்ணும் மணலும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்